ஆளுநர் எழுதாத அறிக்கை

1991 ஜனவரி 30ஆம் தேதி தமிழ்நாட்டில் மு. கருணாநிதி தலைமையிலான அரசு கலைக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் அது தேர்தலில் தனிப்பெரும்பான்மை பெற்று ஆட்சிக்கு வந்திருந்தது; கலைக்கப்பட்ட நாளிலும் சட்டமன்றத்தில் அந்தப் பெரும்பான்மை குறையவில்லை. இப்படி ஓர் அரசைக் கலைக்க வேண்டுமென்றால், அரசமைப்பின்படி ஆட்சி நடத்த இயலாத நிலை வந்துவிட்டது என்று மாநில ஆளுநர் குடியரசுத் தலைவருக்கு அறிக்கை அனுப்புவதுதான் வழக்கம். அன்று ஆளுநராக இருந்த சுர்ஜித் சிங் பர்னாலா அப்படி ஓர் அறிக்கையைத் தர மறுத்துவிட்டார். அறிக்கை இல்லாமலே பிரகடனம் வெளியானது. பின்னர் அவரைப் பீகாருக்கு மாற்றினார்கள். அங்கே போகாமல் பதவியையே விட்டு விலகினார். பஞ்சாப் முதலமைச்சராக இருந்தபோது, 1987இல், அரசமைப்பின் இதே 356ஆவது பிரிவால் ஆட்சியை இழந்தவர் அவர். ஆட்சிக் கலைப்பு என்பது என்ன என்று அனுபவித்து அறிந்த ஒருவர் கையெழுத்திட மறுத்தும் கலைப்பு நின்றுவிடவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். அதற்கு வழிவிட்டது அந்தப் பிரிவில் உள்ள ஒரு சிறு சொற்றொடர். ஆளுநரிடமிருந்து அறிக்கை வரப்பெற்றோ ‘அல்லது வேறு வகையிலோ’ குடியரசுத் தலைவர் மனநிறைவு கொண்டால் போதும் என்கிறது அது. ஆங்கில மூலத்தில் ‘ஆர் அதர்வைஸ்’ என்ற இரண்டே சொற்கள்.

இந்தியக் கூட்டாட்சியின் வரலாற்றை இந்த இரண்டு சொற்களின் வழியாகவே சொல்லிவிடலாம் என்பது என் எண்ணம். பள்ளிப் பாடநூல்கள் கூட்டாட்சி அரசமைப்பின் இயல்புகளாக வேறு சிலவற்றைக் கூறும். எழுதப்பட்ட அரசமைப்பு, அதிகாரப் பங்கீடு, இரண்டு அடுக்கு அரசுகள், அவற்றுக்கிடையே வழக்கு வந்தால் தீர்க்க ஓர் உச்ச நீதிமன்றம். நம்முடைய அரசமைப்பில் இவை அத்தனையும் இருக்கின்றன. 1949 நவம்பர் 26ஆம் தேதி ஏற்கப்பட்டபோது அதில் 395 பிரிவுகளும் 8 அட்டவணைகளும் இருந்தன. ஏழாவது அட்டவணை ஒன்றியத்துக்கு 97 பொருள்களையும் மாநிலங்களுக்கு 66 பொருள்களையும் இருவருக்கும் பொதுவாக 47 பொருள்களையும் பிரித்துக் கொடுத்தது. அந்தப் பட்டியலில் கைவைக்க நாடாளுமன்றத்தின் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு மட்டும் போதாது. மாநிலச் சட்டமன்றங்களில் பாதியாவது இசைய வேண்டும் என்று 368ஆவது பிரிவு சொல்கிறது. முன்வாசலுக்கு நல்ல பூட்டுத்தான். ஆனால் பட்டியலில் ஒரு வரியைக்கூட மாற்றாமல், அந்த 66 பொருள்களையும் ஆள்வதற்கென்று மக்கள் தேர்ந்தெடுத்த அரசையே அகற்றிவிட முடியுமானால், அந்தப் பூட்டு எதைக் காக்கிறது? கொல்லைக் கதவு திறந்து கிடக்கிறதா என்று பார்க்காமல் வீட்டின் பாதுகாப்பைப் பற்றிப் பேச முடியாது. ஒரு நாட்டில் கூட்டாட்சி இருக்கிறதா இல்லையா என்பதை அதிகாரப் பட்டியலின் நீளம் காட்டாது. ஓர் அரசை மற்றோர் அரசு நீக்க முடியுமா, முடியுமென்றால் அதற்குக் காரணம் காட்ட வேண்டுமா, காட்டிய காரணத்தை யாராவது சோதிக்க முடியுமா என்ற கேள்விகள்தான் அதைக் காட்டும்.

இந்தக் கதவு புதிதாகச் செய்யப்பட்டதன்று. 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தில் 93ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. சட்டத்தின்படி மாகாண அரசை நடத்த இயலாத நிலை வந்துவிட்டதாக ஆளுநர் கருதினால் எல்லா அதிகாரங்களையும் தாமே எடுத்துக்கொள்ளலாம் என்றது அது. 356ஆவது பிரிவின் மைய வாசகம் அதிலிருந்து கிட்டத்தட்ட அப்படியே வந்தது. சென்னை மாகாணம் அந்த ஆட்சியில் நெடுநாள் இருந்திருக்கிறது. இந்தியர்களைக் கேட்காமல் இந்தியாவைப் போரில் இறக்கியதை எதிர்த்து, 1939 அக்டோபர் இறுதியில் ராஜாஜி அமைச்சரவை பதவி விலகியது. அதன்பின் 1946 ஏப்ரலில் பிரகாசம் பொறுப்பேற்கும் வரை ஆறாண்டுக்கும் மேலாக இங்கே சட்டமன்றத்துக்குப் பொறுப்பான அரசே கிடையாது. அந்தக் காலத்தின் தொடக்கத்தில், 1940 பிப்ரவரியில், கட்டாய இந்தி ஆணையை ஆளுநர் எர்ஸ்கின் திரும்பப் பெற்றார். மக்கள் சிறை சென்று, உயிர்கொடுத்துக் கேட்ட கோரிக்கை அது, கிடைத்ததில் மகிழ்ச்சிதான். ஆனால் அது கிடைத்த விதத்தையும் மறக்கக் கூடாது. எந்த அவையும் விவாதிக்கவில்லை, எவரும் வாக்களிக்கவில்லை. ஒரே மனிதரின் கையெழுத்தில் வந்தது. ஒரு கையெழுத்தில் தரக்கூடியதை இன்னொரு கையெழுத்தில் பறிக்கவும் முடியும். 93ஆவது பிரிவின் இயல்பு அதுதான். விடுதலைக்குப் போராடிய தலைமுறை அந்தப் பிரிவை நேரில் அறிந்திருந்தது.

பிறகு ஏன் அதையே எடுத்து எழுதினார்கள்? காலத்தைப் பார்த்தால் விடை கிடைக்கும். 1946இல் பிரிட்டிஷ் அமைச்சரவைத் தூதுக்குழு முன்வைத்த திட்டத்தில் மையத்துக்குப் பாதுகாப்பு, வெளியுறவு, தகவல்தொடர்பு ஆகிய மூன்றும் அவற்றுக்கு வேண்டிய பணமும் மட்டும்தான் இருந்தன. முஸ்லிம் லீகை உடன் வைத்திருக்க அத்தனை தளர்வான மையத்தைக் காங்கிரஸ் சகித்துக்கொள்ள வேண்டியிருந்தது. 1947 ஜூன் 3ஆம் தேதி பிரிவினை அறிவிக்கப்பட்டதும் அந்தக் கட்டாயம் போய்விட்டது. அதன்பின் வந்த கலவரங்களும் அகதிகளும் காஷ்மீரும் ஐதராபாத்தும் தெலங்கானாப் போராட்டமும் அரசமைப்பு நிர்ணய சபையின் மனத்தை ஒரே திசையில் தள்ளின. இதற்கு இன்னொரு படியும் உண்டு. அது அதிகம் பேசப்படுவதில்லை. ஆளுநரை மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றுதான் 1947இல் முடிவாகியிருந்தது. அந்த நினைப்பில், நெருக்கடியில் இரண்டு வாரம் மட்டும் அதிகாரத்தைக் கையில் எடுக்க ஆளுநருக்கு உரிமை தரும் 188ஆவது பிரிவை வரைவில் எழுதியிருந்தார்கள். 1949 மே மாத இறுதியில் சபை மனம் மாறி, ஆளுநர் நியமிக்கப்படுபவராகவே இருக்கட்டும் என்று முடிவு செய்தது. தில்லியால் நியமிக்கப்படுபவர் வழியாக இரண்டு வாரம் சுற்றுவானேன், தில்லியே நேரடியாகச் செய்யலாம் என்ற நிலை வந்தது. 188 போனது; அதனிடத்தில் வந்த பிரிவு மூன்றாண்டு வரை நீளக்கூடியது. ஓர் இடத்தில் செய்த மாற்றம் மற்றோர் இடத்தில் என்ன செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு அந்த ஆவணத்தில் இல்லை.

1949 ஆகஸ்ட் 3, 4 ஆகிய நாள்களில் சபையில் இது விவாதத்துக்கு வந்தது. எச்.வி. காமத் நேராக அந்தச் சொல்லைப் பிடித்தார். ஆளுநரை நியமிப்பதே நீங்கள்தான். அவருடைய அறிக்கையையும் நம்பாமல் ‘வேறு வகையில்’ என்று ஏன் சேர்க்கிறீர்கள் என்பது அவருடைய வாதத்தின் சாரம். அந்தச் சொல்லை விஷமம் பிடித்தது என்று சொல்லி அதை நீக்கக் கோரினார். எச்.என். குன்ஸ்ரு வேறு பக்கத்திலிருந்து கேட்டார்: ஒரு மாநிலம் மோசமாக ஆளப்பட்டால் அதைத் திருத்த வேண்டியவர்கள் அந்த மாநிலத்து வாக்காளர்களா, ஒன்றிய அரசா? அம்பேத்கரின் மறுமொழி நேர்மையானது. இது தவறாகப் பயன்படுத்தப்பட வாய்ப்பே இல்லை என்று அவர் சொல்லவில்லை. பயன்படாமல் ஏட்டிலேயே கிடக்கும் பிரிவாக இது இருக்குமென்று நம்புவதாகச் சொன்னார். குடியரசுத் தலைவர் முதலில் எச்சரிக்கை தருவார், பலிக்காவிட்டால் மக்களே முடிவு செய்யத் தேர்தல் நடத்துவார், அதுவும் பலிக்காவிட்டால்தான் இதைக் கையிலெடுப்பார் என்று எதிர்பார்த்தார். அந்த எச்சரிக்கையும் தேர்தலும் பிரிவின் வாசகத்துக்குள் ஏறவில்லை. பேச்சில் சொன்ன காப்பு பேச்சோடு நின்றது. ‘வேறு வகையில்’ மட்டும் அச்சில் ஏறியது. மாநிலங்களைப் புறத்தாக்குதலிலிருந்தும் உள்நாட்டுக் கலவரத்திலிருந்தும் காப்பது மையத்தின் கடமை என்று அமெரிக்க, ஆஸ்திரேலிய அரசமைப்புகளும் கூறுகின்றன என்ற வாதமும் அன்று வந்தது. உண்மைதான். ஆனால் அந்த இரண்டிலும், உள்நாட்டுக் கலவரம் என்றால், மாநிலம் கேட்டுக்கொண்ட பிறகே மையம் வரும். இங்கே வீட்டுக்காரர் அழைக்காமலே உள்ளே வரலாம். வந்த பிறகு வீட்டுக்காரரையே வெளியே அனுப்பலாம்.

அரசமைப்பு நடைமுறைக்கு வந்து ஒன்றரை ஆண்டு முடிவதற்குள், 1951 ஜூனில், பஞ்சாபில் இந்தப் பிரிவு பயன்பட்டது. அங்கே நடந்தது ஆளும் காங்கிரசின் உட்கட்சிச் சண்டை. அரசமைப்பு எங்கும் முறிந்துவிடவில்லை. 1959 ஜூலை 31ஆம் தேதி கேரளத்தில் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடின் அரசு நீக்கப்பட்டது. சட்டமன்றத்தில் அதற்குப் பெரும்பான்மை இருந்தது. 1976 ஜனவரி 31இல், நெருக்கடி நிலையின் நடுவே, அதை எதிர்த்து நின்ற திமுக ஆட்சி கலைந்தது. 1977இல் ஜனதா அரசு இன்னும் ஒரு படி போனது. ஒன்பது மாநிலங்களில் காங்கிரஸ் மக்களவைத் தேர்தலில் தோற்றுவிட்டது, ஆகவே சட்டமன்றங்களும் மக்களின் நம்பிக்கையை இழந்துவிட்டன என்று சொல்லி அந்த ஒன்பது அரசுகளையும் ஒரே வீச்சில் கலைத்தது. மாநிலங்கள் உச்ச நீதிமன்றம் போயின. நீதிமன்றம் தலையிட மறுத்தது. 1980 பிப்ரவரியில் திரும்பி வந்த இந்திரா காந்தி அதே காரணத்தைச் சொல்லி ஒன்பது மாநில அரசுகளைக் கலைத்தார், எம்.ஜி.ஆரின் அரசு அதில் ஒன்று. நெருக்கடி நிலையின் கொடுமையை அனுபவித்துச் சிறையிலிருந்து வந்தவர்கள் முதலில் எடுத்த கருவி இது என்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் செய்தி. மாநில உரிமை பேசியவர்களும் தில்லியில் அமர்ந்ததும் அந்தக் கதவைப் பூட்டவில்லை. 1988, 1991 இரண்டையும் சேர்த்தால் தமிழ்நாட்டில் நான்கு முறை. நாடு முழுதும் இன்றுவரை நூறு முறைக்கு மேல்.

இதை இங்கே உள்ளவர்கள் முன்கூட்டியே உணர்ந்தார்கள். 1969இல் தமிழ்நாடு அரசு பி.வி. ராஜமன்னார் தலைமையில் அமைத்த குழு 1971இல் தந்த அறிக்கையில் 356ஆவது பிரிவின் மீது கை வைத்தது. மாநில சுயாட்சித் தீர்மானம் 1974இல் சட்டமன்றத்தில் நிறைவேறியது. ராஜமன்னார் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக நீண்டகாலம் இருந்தவர்; உடனிருந்த ஏ. இலட்சுமணசாமி முதலியார் கல்வியாளர், பி. சந்திரா ரெட்டி நீதிபதி. கட்சிக்காரர்களின் மனக்குறை என்று அந்த அறிக்கையை அன்று தில்லி ஒதுக்கியது நியாயமன்று. அந்த அறிக்கை கண்ட குறையைப் பிறகு நீதிமன்றமே வேறு மொழியில் சொல்லும்படி ஆனது.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றில் வலுவானது ஒன்றுண்டு. இவ்வளவு பெரிய நாட்டில், பிரிவினை ஏக்கங்களும் ஆயுதக் குழுக்களும் எல்லைச் சிக்கல்களும் இருக்கும்போது, மையத்திடம் கடைசிக் கருவி ஒன்று இருக்க வேண்டாமா? 1987க்குப் பின் பஞ்சாபில் தேர்தல் நடத்தும் சூழலே ஆண்டுக்கணக்கில் இருக்கவில்லை. 1991இல் தமிழ்நாட்டைப் பற்றிச் சொல்லப்பட்டதும் விடுதலைப் புலிகளின் நடமாட்டமும் சட்டம் ஒழுங்குச் சீர்கேடும்தான். கலைப்புக்கு நான்கு மாதம் ஆவதற்குள் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது, தள்ளவும் கூடாது. ஆனால் கொலை நடந்த மே 21ஆம் தேதி இங்கே நடந்துகொண்டிருந்தது குடியரசுத் தலைவர் ஆட்சி என்பதையும் நினைக்க வேண்டும். அதைவிட அடிப்படையான மறுப்பு வேறு. அப்படிப்பட்ட ஆபத்து உண்மையில் இருந்தால், அதைக் காட்டும் ஆதாரமும் இருக்கும். ஆதாரம் இருந்தால் அதை ஆராயக்கூடிய ஒருவர் முன் வைக்கலாம். ‘வேறு வகையில்’ என்ற சொல்லின் தீங்கு, மையம் ஆளுநரைத் தாண்டிச் செல்வதில் மட்டும் இல்லை. எந்தத் தாளைப் பார்த்து முடிவெடுத்தோம் என்று எவரிடமும் சொல்லத் தேவையில்லை என்ற நிலையை அது உண்டாக்கியது. 1975இல் வந்த 38ஆவது திருத்தம், குடியரசுத் தலைவரின் மனநிறைவை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது என்றே எழுதி வைத்தது. 1978இன் 44ஆவது திருத்தம் அதை நீக்கியது. ஓராண்டுக்கு மேல் நீட்டிப்பதற்கும் கடுமையான நிபந்தனை போட்டது. 356ஆவது பிரிவின் வரலாற்றில் நாடாளுமன்றம் தானாகவே மாநிலங்களின் பக்கம் சாய்ந்த நல்ல தருணம் அது.

இன்னொரு மறுப்பை அரசியல் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். கலைப்புக்குப் பின் தேர்தல் வருகிறது, மக்கள் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள், பிறகென்ன குறை? 1980 ஜூனில் மக்கள் எம்.ஜி.ஆரை மீண்டும் அமர்த்தினார்கள், கலைப்பு தவறு என்றாகிறது. 1991 ஜூனில் திமுக படுதோல்வி அடைந்தது, அப்படியானால் கலைப்பு சரி என்றாகிறதா? மக்கள் வாக்களிப்பது அடுத்த ஐந்தாண்டு யார் ஆள்வது என்பதற்கு. முந்தைய ஆட்சியை நடுவில் பறித்தது சட்டப்படி சரியா என்று வாக்குச்சீட்டில் யாரும் கேட்பதில்லை. நிலத்தைப் பறிகொடுத்தவர் பிறகு வேறு நிலம் வாங்கினாரா இல்லையா என்று பார்த்துப் பறித்தது சரியா என்று எவரும் முடிவு செய்வதில்லையே.

காமத் 1949இல் கேட்ட கேள்விக்கு விடை 1994 மார்ச் 11ஆம் தேதிதான் வந்தது. வழக்கு கர்நாடகத்திலிருந்து வந்தது. 1989 ஏப்ரலில் எஸ்.ஆர். பொம்மை அரசுக்கு ஆதரவை விலக்கிக்கொள்வதாக 19 உறுப்பினர்களின் கடிதங்கள் ஆளுநர் வெங்கடசுப்பையாவிடம் போயின. சில நாள்களுக்குள் அவர்களில் ஏழு பேர், தாங்கள் தவறாக வழிநடத்தப்பட்டதாகவும் அரசை ஆதரிப்பதாகவும் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு வாரத்துக்குள் அவையைக் கூட்டிப் பெரும்பான்மையைக் காட்டுகிறேன் என்றார் பொம்மை. ஆளுநர் ஏற்கவில்லை, ஏப்ரல் 21இல் ஆட்சி போயிற்று. அவையில் கை தூக்கி எண்ணினால் ஒரு மணி நேரத்தில் தெரிந்திருக்கக்கூடிய ஒன்றை, ராஜ்பவன் மேசையில் கடிதங்களை எண்ணி முடிவு செய்தார்கள். ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு சொன்னதன் மையக்கருத்து இதைப் பற்றியதுதான். பெரும்பான்மையைச் சோதிக்கும் இடம் சட்டமன்றம், ஆளுநர் மாளிகை அன்று. பிரகடனத்தை நீதிமன்றம் ஆராயலாம். அமைச்சரவை என்ன ஆலோசனை சொன்னது என்று கேட்க முடியாவிட்டாலும், எந்த ஆதாரத்தின் மேல் சொன்னது என்று கேட்கலாம். நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஒப்புதல் தரும் வரை சட்டமன்றத்தைக் கலைக்காமல் இடைநிறுத்தி மட்டுமே வைக்கலாம். கூட்டாட்சி அரசமைப்பின் அடிப்படைக் கூறுகளில் ஒன்று. ‘வேறு வகையில்’ என்ற சொல்லை நீதிமன்றம் அழிக்கவில்லை, அதற்கு அந்த உரிமையும் இல்லை. ஆனால் அந்த வேறு வகை எது என்று காட்டு என்று கேட்டது.

அப்படியானால் கூட்டாட்சி அரசமைப்பில் எழுதியிருக்கவில்லை, நீதிபதிகள் கொண்டுவந்து சேர்த்தது என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மூன்று பட்டியல்களும் 368இன் பூட்டும் மாநிலத்துக்கும் ஒன்றியத்துக்கும் இடையே வழக்கு வந்தால் விசாரிக்கச் சொல்லும் 131ஆவது பிரிவும் 1949 முதலே அங்கே இருக்கின்றன. ஒரு பிரிவை மற்ற 394ஐயும் அர்த்தமற்றதாக்கும்படி படிப்பதா, அவற்றோடு சேர்த்துப் படிப்பதா என்பதுதான் கேள்வி. 1977இல் நீதிமன்றம் 356ஐத் தனியே படித்தது. 1994இல் சேர்த்துப் படித்தது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பாபர் மசூதி இடிக்கப்பட்ட பின் 1992 டிசம்பரில் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், இமாச்சலப் பிரதேசம் ஆகிய மூன்று மாநிலங்களில் நடந்த கலைப்புகளை இதே தீர்ப்பு சரி என்றது. மதச்சார்பின்மைக்கு எதிராக ஓர் அரசு நடந்தால் அது அரசமைப்பின்படி நடக்கும் அரசன்று என்பது காரணம். ஆகவே பொம்மை தீர்ப்பு மாநில அரசுகளுக்குக் கொடுத்த வெற்றுக் காசோலை அன்று. காரணம் இருந்தால் கலைக்கலாம், ஆனால் அந்தக் காரணத்தைச் சோதனைக்கு வைக்க வேண்டும் என்பதே அதன் நிலை. அந்த மூன்று மாநிலங்களில் வைத்த காரணம் போதுமானதா என்பதில் இன்றும் வாதிடலாம். வாதிடுவதற்கு ஒரு மன்றம் கிடைத்தது என்பதுதான் 1977க்குப் பின் நேர்ந்த மாற்றம்.

நீதிமன்றம் மட்டுமே இதைச் செய்துவிடவில்லை. 1989 முதல் நெடுங்காலம் மக்களவைத் தேர்தல்களில் எந்தக் கட்சிக்கும் தனிப்பெரும்பான்மை கிடைக்கவில்லை. மாநிலக் கட்சிகள் ஒன்றிய அமைச்சரவையில் அமர்ந்தன. 1999 பிப்ரவரியில் பீகாரில் ராப்ரி தேவி அரசை வாஜ்பாய் அரசு நீக்கியபோது மாநிலங்களவையில் ஒப்புதல் கிடைக்காது என்று தெரிந்ததும், ஒரு மாதம் ஆவதற்குள் பிரகடனத்தைத் திரும்பப் பெற்று அதே அரசை மீண்டும் அமர்த்த வேண்டியிருந்தது. இரு அவைகளும் ஒப்ப வேண்டும் என்ற விதி 1950 முதலே இருக்கிறது; அதற்குப் பல் முளைக்க மாநிலங்களவையில் எண்ணிக்கை மாற வேண்டியிருந்தது.

பொம்மைக்குத் தீர்ப்பு வந்தபோது அவருடைய அரசு நீங்கி ஏறத்தாழ ஐந்தாண்டு ஆகிவிட்டது. கர்நாடகத்தில் ஒரு தேர்தலும் முடிந்திருந்தது. கலைப்பு செல்லாது என்றது நீதிமன்றம்; திருப்பித் தர எதுவும் மீதமில்லை. 2016இல் உத்தராகண்டில் ஹரீஷ் ராவத் தம் பெரும்பான்மையைக் காட்ட வேண்டிய நாள் மார்ச் 28. அதற்கு முந்தைய நாளே குடியரசுத் தலைவர் ஆட்சி வந்துவிட்டது. அம்மாநில உயர் நீதிமன்றம் அந்தப் பிரகடனத்தை ஏப்ரல் 21இல் ரத்து செய்தது. இருபத்தேழு ஆண்டுகளுக்கு முன் பொம்மை அரசு நீங்கிய அதே தேதி. உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தாலும், தன் மேற்பார்வையிலேயே அவையில் வாக்கெடுப்பு நடத்தச் சொன்னது. மே 10ஆம் தேதி டேராடூனில் உறுப்பினர்களை எண்ணினார்கள். அரசுக்கு 33, எதிராக 28. மறுநாள் பிரகடனம் விலக்கப்பட்டது. ராவத் முதலமைச்சராகத் திரும்பினார்.